கையெழுத்தும் பெயர்ப்பலகையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்மேடையில் ஆண்டுதோறும் கம்பனைப் பற்றியும் குறளைப் பற்றியும் வல்லவர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். நானோ மெட்ரிக்குடன் படிப்பை நிறுத்தி, ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. "எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்று நம் காரியதரிசி கேட்டபோது, "நம் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பற்றி" என்றேன். அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். அந்தப் பலகையை மாட்டிய குற்றவாளி நான்தான் என்பது அவருக்குத் தெரியும்.

நடந்தது இது. 1972-ல் நம் சங்கம் இக்கட்டிடத்துக்குக் குடி வந்தபோது வாசலுக்கு மேலே ஒரு தகரப் பலகை மாட்டப்பட்டது. நீல வண்ணத்தின்மேல் வெள்ளை எழுத்து. மேலே 'தமிழ்ச் சங்கம்', கீழே 'வாசகசாலை', வேறொன்றும் இல்லை. எழுதியவர் தொழில்முறைப் பெயிண்டர் அல்லர். அந்நாளில் கணக்கு ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த நம் பெரியவர். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஏணிமேல் நின்று எழுதினாராம். ஐம்பது ஆண்டு வெயிலும் மழையும் தின்றது போக, தகரம் ஓரங்களில் இற்றுப் போயிற்று. புதிய பலகை மாட்டுவதென்று சென்ற ஆண்டு நிர்வாகக் குழு தீர்மானித்து, அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது.

கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பையன் தமிழ் எழுத்து வகைகளை வரிசையாகக் காட்டினான். அவற்றுள் ஒன்று என் கண்ணைப் பறித்தது. ஆங்கிலக் கல்யாணப் பத்திரிகைகளில் சாய்ந்தும் வளைந்தும் வால் நீட்டியும் எழுத்துக்கள் வருமே, அந்தப் பாணியில் அமைந்த தமிழ் எழுத்து. ஓரிடத்தில் தடித்து, அடுத்த இடத்தில் மயிரிழையாக மெலிந்து ஓடிற்று. பெரியவர் கையால் எழுதிய பலகைக்குப் பதிலாகக் கையெழுத்துப் போலவே ஒன்றை வைத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக் கொண்டேன். அச்சாகி வந்தது, மாட்டியும் ஆயிற்று. பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. தெருவின் எதிர்ப்புறம் சென்று பார்த்தபோது மெல்லிய கோடுகளெல்லாம் மறைந்து, தடித்த கோடுகள் மட்டும் தூண் தூணாக நின்றன. புள்ளிகள் போன இடம் தெரியவில்லை. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதிய காலத்துக்கு நம் சங்கம் திரும்பிவிட்டதாக ஒரு நண்பர் கேலி செய்தார். பொங்கல் விழாவுக்கு வந்த பேச்சாளர் நம் வாசலைத் தாண்டி இரண்டு முறை ஆட்டோவில் சுற்றி வந்தார். எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். பெரியவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாக உறுத்திற்று.

அந்த உறுத்தலினால், கையெழுத்துப் பாணியில் அமைந்த இவ்வகை அச்செழுத்துக்கள் எங்கிருந்து வந்தன, எவ்விடத்துக்கு ஏற்றவை என்று தேடிப் படிக்கலானேன். இவ்வெழுத்து வகைகளை இன்று 'எழுத்துரு' என்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஒரு வியப்பு. இந்த அழகெல்லாம் அரண்மனையில் பிறந்ததன்று; பெரும்பகுதி நம்மைப் போன்ற குமாஸ்தாக்களின் மேஜையில் வளர்ந்ததாகும்.

லண்டனில் ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குவேலைக்காரர் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக ஒரு நூல் வெளியிட்டார். இருபத்தைந்து எழுத்தாசிரியர்களின் கையெழுத்துக்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட நூல் அது. வியாபாரக் கணக்கும் கடிதமும் எழுத விரும்பிய இளைஞர்கள் பார்த்துப் பழகுவதற்காக ஏற்பட்டது. இங்கு ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துப் பேனாவின் முனை இரண்டாகப் பிளந்திருக்கும். கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கித் தள்ளும்போது அழுத்த முடியாதாகையால் கோடு மெலியும். ஆகவே அந்தத் தடிப்பும் மெலிவும் அலங்காரத்துக்காகப் பிறகு சேர்த்தவை அல்ல. கை எந்தத் திசையில் சென்றது என்பதற்கு அவை சாட்சி.

அமெரிக்காவில் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் என்பவர் (1800–1864) இதையே சற்று இலேசாக்கி, வேகமாக எழுதத்தக்க ஒரு கையெழுத்து முறையை வகுத்தார். ஓடைக் கூழாங்கற்களின் வழவழப்பைப் பார்த்து எழுத்தின் வளைவுகளை அமைத்தார் என்பார்கள். ஒஹாயோ மாநிலத்தில் மரக்கட்டைகளால் கட்டிய ஒரு சிறு குடிலில் பாடம் நடத்தினார். அவருக்குப் பின் அவருடைய புதல்வர்கள் அம்முறையைப் பரப்பினார்கள். டைப்ரைட்டர் வந்து ஆபீஸ்களைப் பிடித்துக்கொள்ளும் வரை அந்நாட்டு வியாபாரக் கடிதங்களும் பேரேடுகளும் பெரும்பாலும் ஸ்பென்சர் கையெழுத்திலேயே எழுதப்பட்டன. வணிகக் கல்லூரிகளில் அதற்கென்று தனி வகுப்பு. மாணவர்கள் எண்ணிக்கை சொல்லிக்கொண்டு, தாளத்துக்கு ஏற்றபடி ஒரே வளைவைப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகினார்கள்.

அப்படிப் பழகிய கைகளுள் ஒன்று பிராங்க் மேசன் ராபின்சன் என்பவருடையது. 1886-ல் அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்து வியாபாரியிடம் கணக்கெழுதிக் கொண்டிருந்தார், பங்காளியுமாவார். முதலாளி ஒரு புதிய பானம் தயாரித்தார். அதற்குப் பெயர் வைத்தவர் இந்தக் கணக்கர். இரண்டு 'சி' எழுத்துக்கள் அடுத்தடுத்து வந்தால் விளம்பரத்தில் எடுப்பாக இருக்கும் என்று கருதி 'கோகோ கோலா' என்று வைத்தார். வைத்ததோடு நில்லாமல், பேரேட்டில் அன்றாடம் எழுதிய அதே ஸ்பென்சர் பாணியில் அந்தப் பெயரைத் தம் கையால் எழுதியும் கொடுத்தார். 1893 ஜனவரி 31-ஆம் தேதி அது வியாபாரச் சின்னமாகப் பதிவாயிற்று. இன்று நம் ரயில் நிலைய ஸ்டால்களில் தொங்கும் சிவப்புப் பலகையில் இருப்பது, சில்லறைத் திருத்தங்கள் போக, அந்தக் கணக்கரின் கையெழுத்துதான். 1923-ல் ராபின்சன் காலமானார். அவருடைய பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? ஆனால் உலகத்தில் அவர் கையெழுத்தைப் பார்க்காதவர் அரியர். நான் பார்சல் ஆபீசில் அமர்ந்து இதைப் படித்த அன்று, என் சக குமாஸ்தாக்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள், சொன்னேன், சிரித்தார்கள்.

போர்டு மோட்டார் கம்பெனியின் பெயரை வரைந்தவரும் ஓவியர் அல்லர். சைல்ட் ஹெரால்ட் வில்ஸ் என்ற பொறியாளர். இளமையில் விசிட்டிங் கார்டு அச்சிட்டுப் பழகிய பாணி அவருக்குக் கைகொடுத்தது.

வியாபாரிகள் ஏன் கையெழுத்தை நாடுகிறார்கள் என்று யோசித்தேன். என் மேஜைக்கு வரும் காகிதத்தில் ரப்பர் முத்திரை மட்டும் இருந்தால் நான் வாங்குவதில்லை. கையொப்பம் இருக்க வேண்டும். முத்திரை, 'ஆபீஸ் சொல்கிறது' என்கிறது. கையொப்பம், 'இன்னார் சொல்கிறேன், தவறினால் என்னைக் கேள்' என்கிறது. கடைப் பெயரைக் கையெழுத்தாக வைப்பவன், உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்று வாடிக்கையாளனுக்குச் சொல்ல விரும்புகிறான். உள்ளே மனிதன் இல்லாவிட்டாலும் அப்படிச் சொல்லலாம். அது வேறு விஷயம்.

ஆயினும் ராபின்சன் எழுதியது ஒரு பெயர்; எழுத்துரு அன்று. இந்த வேற்றுமையை அறியாமல்தான் நான் ஏமாந்தேன். ஒரு பெயரை மட்டும் எழுதுபவர், முதல் எழுத்தின் வால் எந்த எழுத்துக்கு அடியில் ஓடும் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இழுக்கிறார். எழுத்துரு செய்பவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வருமோ, அவருக்குத் தெரியாது. எந்த வரிசையில் வந்தாலும் இணைய வேண்டும்.

ரயில்வேக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வண்டியில் எந்தப் பெட்டிக்குப் பின் எந்தப் பெட்டி கோக்கப்படும் என்று பெட்டி கட்டுகிற தொழிற்சாலைக்குத் தெரியாது. ஆகையால் கப்ளிங் இருக்கும் உயரத்துக்கு ஓர் அளவு விதித்திருக்கிறார்கள். அந்த அளவுக்குள் இருந்தால் எந்தப் பெட்டியும் எந்தப் பெட்டியோடும் சேரும். ஆங்கிலக் கூட்டெழுத்தும் அப்படியே. ஒவ்வொரு எழுத்தும் தன் வாலை ஒரே உயரத்தில் நீட்ட வேண்டும். அடுத்த எழுத்து அதே உயரத்தில் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். 'ஓ', 'வி' போன்ற சில எழுத்துக்கள் மட்டும் அடியில் முடியாமல் மேலே முடிகின்றன. அவற்றுக்கு வேறு கப்ளிங் வேண்டும்.

ஈய அச்சு இருந்த காலத்தில் இது பெரிய தலைவலி. ஒவ்வொரு எழுத்தும் ஒரு நேர்ச் சதுரக் கட்டையின்மேல் நிற்கும். சாய்ந்த எழுத்தின் முனை கட்டைக்கு வெளியே நீண்டால் ஒடிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து பிர்மின் டீடோ, கட்டையையே சாய்வாக வார்த்து இதற்கு வழி கண்டார். 1953-ல் ரோஜர் எக்ஸ்கோபோன் என்ற பிரெஞ்சுக்காரர் 'மிஸ்ட்ரால்' என்ற எழுத்தை வெளியிட்டார். பேனாவால் அவசரமாக எழுதியதுபோல் முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் ஈய அச்சிலேயே எழுத்துக்கள் பிசகில்லாமல் கைகோத்துக் கொள்ளும். பின்னர் ஒளியச்சு வந்தது, கட்டை ஒழிந்தது. 1966-ல் மாத்யூ கார்ட்டர் என்பவர், சார்லஸ் ஸ்நெல் என்ற பழைய லண்டன் எழுத்தாசிரியரின் கையெழுத்தை அடிப்படையாக்கி 'ஸ்நெல் ரவுண்ட்ஹாண்ட்' அமைத்தார். கம்ப்யூட்டர் காலத்தில் ஹெர்மான் சாப் என்ற ஜெர்மானியர், தாம் 1944-ல் எழுதி வைத்திருந்த எழுத்துக்களைக் கொண்டு 1998-ல் 'சப்பினோ' வெளியிட்டார். அதில் ஓர் எழுத்துக்குப் பல உருவங்கள் உண்டு. இப்போது அடுத்து வரும் எழுத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே பொருத்தமான உருவத்தைத் தேர்ந்து கொள்ளும்படி செய்ய முடிகிறது. மனிதன் எழுதினால் இரண்டு எழுத்து ஒன்றுபோல் இருப்பதில்லை அல்லவா? அந்தக் குறையைக் கூடக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த எழுத்தை எங்கு வைப்பது என்பது அடுத்த கேள்வி. இரண்டு மூன்று சொற்கள், பெரிய அளவு, நின்று பார்க்க நேரம் இருக்கும் இடம். அங்கு இது சோபிக்கும். மிட்டாய்ப் பெட்டியின் மூடி, மலரின் அட்டை, கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் எல்லாம் பொருத்தந்தான். பத்திரிகை முழுவதையும் அதில் அச்சிட்டு, முகூர்த்த நேரத்தை விருந்தாளி டெலிபோனில் கேட்டுத் தெரிந்து கொள்ளும்படி செய்வது பொருத்தமன்று. ஆங்கிலத்தில் இன்னொரு பிழையையும் அடிக்கடி காண்கிறேன். அப்பாணியின் பெரிய எழுத்துக்கள் சொல்லின் தலையில் தனியாக நிற்பதற்கென்று அமைந்தவை. சொல் முழுவதையும் பெரிய எழுத்தாலேயே எழுதினால், ஒரே பந்தியில் பத்து மாப்பிள்ளைகள் உட்கார்ந்தது போலாகும்.

நம் ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். மஞ்சள் வண்ணத்தின்மேல் கறுப்பு எழுத்து, தடிப்பும் மெலிவும் கிடையாது, வால் கிடையாது. ஓடும் வண்டியின் ஜன்னலிலிருந்து, தூக்கக் கண்ணோடு, இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய் எட்டிப் பார்த்து, 'இறங்க வேண்டிய ஊர் இதுதானா?' என்று தெரிந்து கொள்ள வேண்டும். அங்கு அலங்காரம் செய்பவன் அவளுக்குத் துரோகம் செய்கிறான். எங்கள் பார்சல் மூட்டைகளின் மேல் ஊர்ப் பெயர் எழுதுவதும் அப்படியே. இரண்டு நிமிஷம் நிற்கும் வண்டியில் கூலியாள் படித்து இறக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக மூட்டை மேல் எழுத்தைப் பார்த்தவன், சங்கத்து வாசலில் இதை மறந்தேன். சங்கத்தின் வாசலும் ஒரு ஸ்டேஷன்தானே. ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த குடும்பம், இரண்டு பெட்டியோடு தெருவில் நின்று, அந்த எழுத்தைத்தானே தேடுகிறது!

இனித் தமிழுக்கு வருகிறேன். நம் எழுத்துக்களை ஆங்கிலம் போல் ஒன்றோடொன்று பிணைத்து எழுத வேண்டியதில்லை. பழைய பத்திரங்களில் அவசரமாகச் சேர்த்து எழுதியிருப்பார்கள். அதைப் படிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த எழுத்து நம்முடையது. எழுத்தாணிக் கீறலில் தடிப்பு மெலிவு இல்லை. எங்கும் ஒரே கோடு. ஆகவே பிளந்த பேனாவின் தடிப்பையும் மெலிவையும் நம் எழுத்தின்மேல் ஏற்றும்போது, கையின் போக்கை அறிந்தவர் ஏற்ற வேண்டும். நான் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் 'ழ'வின் சுழி தடிக்க வேண்டிய இடத்தில் மெலிந்திருந்தது. எந்தக் கையும் அப்படி எழுதியிராது. கப்ளிங் இல்லாத நம் எழுத்தில் அழகு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள வெளியில் இருக்கிறது. 'மி' என்பதன் கொம்பு எவ்வளவு தூரம் வளைந்து திரும்புகிறது என்பதில் இருக்கிறது. 'ழ'வின் கால் எங்கு போய் நிற்கிறது என்பதில் இருக்கிறது. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குள்ளேயே ஓவியனுக்கு வேண்டிய அளவு இடம் இருக்கிறது.

இதைச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் அன்று. பழைய தகரப் பலகை. அதைக் கபாடிவாலாவுக்குப் போடுவதற்காகப் பின்கட்டில் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரு நாள் மாலை அதைத் துடைத்து, சுவரில் நிறுத்தி, எதிரே உட்கார்ந்து பார்த்தேன். தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தும் பார்த்தேன். பாதி வண்ணம் உதிர்ந்த நிலையிலும் படிக்க முடிந்தது. 'வாசகசாலை' என்ற சொல்லில் 'ச' இரண்டு முறை வருகிறது. பெரியவரின் இரண்டு 'ச'வும் ஒன்றல்ல. இரண்டாவது சற்றே ஒடுங்கி, பின்னால் வரும் காலுக்கு இடம் விட்டிருக்கிறது. 'லை' என்பதையோ யானைத் துதிக்கை போட்ட பழைய உருவத்தில் எழுதியிருக்கிறார். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுப் பதின்மூன்று எழுத்துக்களின் உருவத்தை மாற்றிற்று. நம் குழந்தைகள் அந்தத் துதிக்கையைக் கண்டதில்லை. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது எந்த மொழி எழுத்து?" என்று கேட்டாள்.

கையால் எழுதிய பலகைகள் அழிவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இதே தில்லியில் ஹனீப் குரேஷி என்ற ஓவியர் இருந்தார், 2024-ல் காலமானார். தெருவோரப் பெயிண்டர்கள் கடைப் பலகைகளில் எழுதும் எழுத்துக்களைச் சேகரித்து, அவற்றைக் கம்ப்யூட்டர் எழுத்துருக்களாக மாற்றி, எழுதிய பெயிண்டரின் பெயரையே எழுத்துருவுக்கு வைக்கும் முயற்சியைத் தொடங்கியவர் அவர். பிளெக்ஸ் போர்டு வந்து அந்தப் பெயிண்டர்களின் பிழைப்பைப் பறித்துக் கொண்டிருந்தது. எந்தக் கம்ப்யூட்டர் அவர்களை விரட்டிற்றோ, அதே கம்ப்யூட்டருக்குள் அவர்களுடைய கையைக் கொண்டுபோய் வைத்தார். ராபின்சனுக்குக் கிட்டாத பெயர், தில்லியின் தெருப் பெயிண்டருக்குக் கிட்டிற்று.

அதைப் படித்த பிறகு என் மனத்தில் ஒரு யோசனை எழுந்தது. அதற்கு அனுமதி கேட்கவே இன்று உங்கள்முன் நிற்கிறேன். பெரியவர் பல ஆண்டுகள் நம் காரியதரிசியாக இருந்தவர். அவர் கையால் எழுதிய கூட்டக் குறிப்பேடுகள் பன்னிரண்டு நம் பீரோவில் இருக்கின்றன. 1980-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில், ஒரு மகாசபைக் கூட்டம் வரை துதிக்கை 'லை' வருகிறது. அடுத்த கூட்டத்திலிருந்து புதிய 'லை'. அன்று என்ன நினைத்து மாற்றினாரோ! அந்தக் குறிப்பேடுகளிலிருந்து எழுத்துக்களைப் பொறுக்கி எடுத்தால் அவருடைய கையெழுத்தையே ஓர் எழுத்துருவாக்கி, நம் பலகைக்கும், மலரின் அட்டைக்கும், அழைப்பிதழின் தலைப்புக்கும் வைத்துக் கொள்ளலாம். நம் காலனியில் வரைகலை படிக்கும் பிள்ளை ஒருவர் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிரந்த எழுத்துக்களைத் தள்ளி நான் கணக்குப் போட்டேன். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, மெய்க்குரிய உருவம் பதினெட்டு. உகரமும் ஊகாரமும் எழுத்துக்கு எழுத்து வேறுபடுவதால் அவை முப்பத்தாறு. கால், கொம்பு, சுழி, புள்ளி முதலிய குறிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய எழுபத்தைந்து. 'டி', 'டீ' போல இகர ஈகாரங்களையும் ஒட்டி எழுதினபடியே எடுத்தால் இன்னும் முப்பத்தாறு. இருநூற்று நாற்பத்தேழு என்று பயந்தவனுக்கு இது பெரிய ஆறுதல். மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து குறிப்பேடுகளைப் புரட்டினேன். 'ணூ' கிடைப்பது அரிது என்று எண்ணியிருந்தேன். வரவு செலவுக் கணக்கில் எண்ணூறு ரூபாய் வந்து காப்பாற்றிற்று. ஆனால் 'ஙு', 'ஙூ', 'ஞு', 'ஞூ', 'ழூ' ஆகிய ஐந்தும் எங்குமே இல்லை.

சென்ற ஞாயிறு பெரியவர் வீட்டுக்குப் போனேன். முதலில் புதிய பலகைக்காக மன்னிப்புக் கேட்டேன். "அதை ஏன் தம்பி பெரிதாக்குகிறீர்கள்? நானும் முதலில் எழுதினதை அழித்துவிட்டுத்தான் இரண்டாவது ஞாயிறு எழுதினேன்" என்றார். பிறகு விடுபட்ட எழுத்துக்களின் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துச் சிரித்தார். "இந்த எழுத்துக்கள் நமக்கு எந்தத் தீர்மானத்திலும் தேவைப்படவில்லையே!" என்றார். காகிதம் கேட்டு வாங்கி ஐந்தையும் எழுதித் தந்தார். இப்போது அவர் கை நடுங்குகிறது. 'ழூ'வை நான்கு முறை எழுதினார்; நான்காவது அவருக்குச் சற்றுத் திருப்தியாக இருந்தது. அதை அப்படியே எடுத்துக் கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். நடுக்கத்தைத் திருத்திவிடலாம் என்பது வரைகலைப் பிள்ளையின் அபிப்பிராயம். நிர்வாகக் குழு சொல்லட்டும்.

குறிப்பேட்டு எழுத்து பொடியானது. பலகைக்குப் பெரிதாக்கும்போது மையின் பிசிறு தெரிகிறது. அந்நாளில் உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கும் கிருகப்பிரவேசங்களுக்கும் பெரியவர் வாழ்த்து மடல்களைப் பட்டைப் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எவர் வீட்டுப் பெட்டியிலாவது அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவேன். வரும் இரண்டு ஞாயிறுகளும் காலை பத்து மணி முதல் வாசகசாலையில் இருப்பேன். பழைய பலகையும் அங்கேயே இருக்கும். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள்.